இந்தியத் தீயணைப்புச் சேவை

இந்தியத் தீயணைப்புச் சேவை என்பது இந்தியாவின் மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகள், சில மாநகராட்சிகள் ஆகியவை தனித்தனியே நடத்திவரும் தீயணைப்பு, மீட்புத் துறைகளைச் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். ஒரே தலைமையின் கீழ் இயங்கும் நாடளாவிய தீயணைப்புப் படை எதுவும் இந்தியாவில் இல்லை. கொள்கை, தரம், உயர்நிலைப் பயிற்சி ஆகியவற்றில் நடுவண் அரசு வழிகாட்டுகிறது. தீயை அணைப்பதும் மக்களை மீட்பதும் அந்தந்த அரசுகளின் பொறுப்பாகும். இந்த ஏற்பாடு நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்க, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததும் நிலவழியே தமிழ்நாட்டால் முற்றிலும் சூழப்பட்டதுமான காரைக்கால் மாவட்டம் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

முற்காலம்

நகரங்களில் தீத்தடுப்புக்கான விதிகள் இந்தியாவில் மிகப் பழமையானவை. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் நகர நிருவாகம் பற்றிக் கூறும் பகுதியில், வீட்டுக்காரர்கள் நீர்க்கலங்கள், ஏணி, கொக்கி, தோற்பை போன்றவற்றை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று விதிக்கிறது. கோடைக்காலப் பகலில் அடுப்பு மூட்டுவதற்குக் கட்டுப்பாடும், தீயணைக்க உதவாதவர்களுக்குத் தண்டமும் அதில் கூறப்பட்டுள்ளன. எனினும், சம்பளம் பெற்று முழுநேரமாக இப்பணியைச் செய்யும் படைகள் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திலேயே தோன்றின.

பிரித்தானிய இந்தியா

1803 ஆம் ஆண்டு பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஏற்பட்ட பெருந்தீ, நகரின் பெரும்பகுதியை அழித்தது. 1855 இல் அந்நகரில் காவல்துறையின் கீழ் பகுதிநேரத் தீயணைப்புப் படை அமைக்கப்பட்டது. 1887 ஏப்ரல் 1 முதல் அப்பணி நகராட்சியின் பொறுப்புக்கு மாற்றப்பட்டது. சென்னை நகரத்துக்கான தீயணைப்புப் படை 1908 இல் தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை அதன் வழிவந்ததாகும்.

தொடக்கக்காலப் படைகள் துறைமுகங்களையும் வணிக நகரங்களையும் காப்பதற்கே அமைக்கப்பட்டன. பஞ்சுக் கிடங்குகள், கப்பல்கள், கடைத்தெருக்கள் ஆகியவற்றின் மதிப்பே அவற்றின் தேவையை உணர்த்தியது. சிற்றூர்களில் குளத்து நீரும் குடமும் மணலும் அண்டைவீட்டார் கைகளுமே நெடுங்காலம் தீயணைப்புக் கருவிகளாக இருந்தன.

பிரெஞ்சு இந்தியா

காரைக்கால் 1739 இல் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1880 ஆம் ஆண்டின் ஆணை ஒன்றின்படி பிரெஞ்சு இந்தியாவில் கொம்யூன் எனப்படும் உள்ளாட்சிகள் உருவாக்கப்பட்டன. காரைக்கால் பகுதியில் இன்றும் வழங்கும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்னும் பெயர் அதன் எச்சமாகும். பிரான்சில் 1884 ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் தீயைத் தடுக்கும் கடமையை மேயரிடம் ஒப்படைத்தது. பிரான்சின் பெரும்பாலான ஊர்களில் தன்னார்வலரும் உள்ளடங்கிய 'சப்பேர்-பொம்பியே' படைகள் இப்பணியைச் செய்தன. பாரிசில் மட்டும், 1810 இல் ஆசுத்திரியத் தூதர் அளித்த விருந்தில் ஏற்பட்ட தீக்குப் பின்னர், 1811 இல் நெப்போலியன் அதனைப் படைத்துறைப் பிரிவாக மாற்றினார். காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் ஆட்சிக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16 இல் சட்டப்படியான இணைப்பு நிறைவுற்றது. 1963 சூலை 1 முதல் அது ஒன்றியப் பகுதியின் ஒரு பகுதியாயிற்று.

விக்டோரியா கப்பல்துறை வெடிப்பு

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாயின் விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்த 'போர்ட் சிட்டிகைன்' என்னும் சரக்குக் கப்பலில் தீப்பற்றியது. அதில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும், கூடவே பஞ்சுப் பொதிகளும் ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சு உள்ளே புகைந்து மெதுவாக எரியும் இயல்புடையது. மேலே ஊற்றும் நீர் பொதியின் நடுப்பகுதியை எளிதில் சென்றடையாது. தீயணைப்பாளர்கள் கப்பலின் மேல்தளத்திலும் கரையிலும் நின்று நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, மாலை 4 மணிக்குச் சற்றுப் பின்னர் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்தில் மேலும் பெரிய வெடிப்பு நிகழ்ந்தது. இதில் 66 தீயணைப்பாளர்கள் உயிரிழந்தனர். பொதுமக்களையும் சேர்த்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

இவர்களின் நினைவாக ஏப்ரல் 14 இந்தியாவில் தீயணைப்புச் சேவை நாளாகவும், ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரமாகவும் கடைப்பிடிக்கப்படுகின்றன. ஒன்றையொன்று தூண்டக்கூடிய சரக்குகளை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, எரியும் பொருள் எது என்பது தீயணைக்க வருவோருக்கு உடனே தெரிய வேண்டும் என்னும் இரண்டு பாடங்கள் இந்நிகழ்விலிருந்து பெறப்பட்டன.

விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப் பின் மாநிலங்கள் தனித்தனியே சட்டங்கள் இயற்றின. மேற்கு வங்காளம் 1950 இலும், கேரளம் 1962 இலும், கருநாடகம் 1964 இலும், தமிழ்நாடு 1985 இலும் தீயணைப்புக்கான சட்டங்களை இயற்றின. நடுவண் உள்துறை அமைச்சகம் 1950களில் நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழுவை அமைத்தது. மாநிலங்கள் பின்பற்றுவதற்கான மாதிரிச் சட்ட வரைவு ஒன்று 1958 இல் சுற்றுக்கு விடப்பட்டது. மீட்புப் பணிகளையும் உள்ளடக்கிய புதிய மாதிரி வரைவு 2019 இல் வெளியிடப்பட்டது.

சட்ட நிலை

தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பாகக் கருதப்படுகிறது. 74 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் (1992) சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில், உறுப்பு 243-டபிள்யூ உடன் இணைத்து, நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளில் ஒன்றாகத் தீயணைப்பு குறிக்கப்பட்டுள்ளது. இதனால் மூன்று வகையான அமைப்புகள் காணப்படுகின்றன. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் போன்றவற்றில் மாநில அரசின் துறையே முழு மாநிலத்துக்கும் பணியாற்றுகிறது. மகாராட்டிரத்தில் மும்பை போன்ற மாநகராட்சிகள் தமக்கெனப் படைகளை வைத்துள்ளன. ஒன்றியப் பகுதிகளில் அவற்றின் நிருவாகம் இத்துறையை நடத்துகிறது.

மாதிரிச் சட்டமும் அதனை ஒட்டிய மாநிலச் சட்டங்களும் தீயணைப்பு அலுவலருக்குத் தீ நேர்ந்த இடத்தில் விரிந்த அதிகாரம் அளிக்கின்றன. அவர் பூட்டிய கட்டடத்தை உடைத்து நுழையலாம், தீ பரவாதிருக்க அண்டைக் கட்டுமானத்தை அகற்றலாம், தெருவை மூடலாம், அருகிலுள்ள எந்த நீர்நிலையிலிருந்தும் நீர் எடுக்கலாம். அண்டை மாநிலங்களுடன் உதவி உடன்பாடு செய்துகொள்ளவும் இச்சட்டங்கள் இடமளிக்கின்றன.

கட்டடங்களைப் பொறுத்தவரை இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி தீப்பாதுகாப்பை விளக்குகிறது. இத்தொகுப்பு முதலில் 1970 இல் வெளியாகி, 1983, 2005, 2016 ஆம் ஆண்டுகளில் திருத்தப்பட்டது. இது பரிந்துரையே ஆகும். மாநிலமோ உள்ளாட்சியோ தன் விதிகளில் ஏற்றுக்கொண்ட பின்னரே அதற்குக் கட்டாயத் தன்மை உண்டாகிறது.

அமைப்பு

நடுவண் நிலை

உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள தீயணைப்புச் சேவை, குடிமைப் பாதுகாப்பு, ஊர்க்காவல் படை தலைமை இயக்ககம் மாநிலங்களுக்கு ஆலோசனை வழங்குகிறது. தேசியத் தீயணைப்புச் சேவைக் கல்லூரி 1956 இல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டே நாக்பூருக்கு மாற்றப்பட்டது. நிலைய அலுவலர் முதலான அலுவலர்களுக்கு இங்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது. நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே பயின்ற இக்கல்லூரியில் 2002 இல் அர்சினி கன்கேகர் முதல் பெண்ணாகச் சேர்ந்தார்.

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி (2005) உருவான தேசியப் பேரிடர் மீட்புப் படையும், பொதுத்துறை ஆலைகளைக் காக்கும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் தீயணைப்புப் பிரிவும் நடுவண் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் உள்ளன. இவை மாநிலத் துறைகளுக்கு மாற்றல்ல, துணையே.

மாநில நிலை

தமிழ்நாட்டில் துறைக்கு இந்தியக் காவல் பணி அலுவலர் ஒருவர் தலைமை வகிக்கிறார். அவருக்குக் கீழ் இணை இயக்குநர், துணை இயக்குநர், மாவட்ட அலுவலர், உதவி மாவட்ட அலுவலர் ஆகியோர் உள்ளனர். புதுச்சேரியில் துறையின் களப்பணிகளைக் கோட்டத் தீயணைப்பு அலுவலர் வழிநடத்துகிறார். ஒன்றுக்கொன்று தொடர்பற்ற புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்னும் நான்கு நிலப்பகுதிகளுக்கும் இத்துறையே பொறுப்பாகும். இவற்றுள் மாகே கேரளத்தாலும், ஏனாம் ஆந்திரப் பிரதேசத்தாலும் சூழப்பட்டவை.

நிலையம்

தீயணைப்பு நிலையமே அடிப்படை அலகு ஆகும். நிலைய அலுவலர், முன்னணித் தீயணைப்பாளர், ஓட்டுநர், தீயணைப்பாளர் ஆகியோர் முறை வைத்து 24 மணி நேரமும் பணியில் இருப்பர். அழைப்புக்கான தொலைபேசி எண் 101 ஆகும். காவல், தீயணைப்பு, மருத்துவ ஊர்தி ஆகியவற்றுக்கான பொது எண்ணாக 112 என்பது 2018 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

ஆலோசனைக் குழுவின் நெறிகளின்படி முதல் வண்டி நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 5 நிமிடங்களிலும், ஊரகத்தில் 20 நிமிடங்களிலும் சென்றடைய வேண்டும். 3 இலட்சம் வரையுள்ள மக்கள்தொகைக்கு 50,000 பேருக்கு ஓர் இறைப்பு வண்டி என்பது மற்றொரு நெறியாகும்.

தீயின் வகைகளும் அணைக்கும் முறைகளும்

எரிபொருள், வெப்பம், உயிர்வளி (ஆக்சிசன்) ஆகிய மூன்றும் கூடி, அவற்றிடையே தொடர்வினை நிகழ்வதே தீ ஆகும். இவற்றுள் ஏதேனும் ஒன்றை நீக்கினால் தீ அணையும். இந்தியத் தரங்களில் தீ பின்வருமாறு வகைப்படுத்தப்படுகிறது.

'ஏ' வகை: மரம், துணி, தாள், வைக்கோல் போன்ற திடப்பொருள்கள். நீர் ஏற்றது.
'பி' வகை: பெட்ரோல், டீசல், வண்ணப்பூச்சு போன்ற நீர்மங்கள். நுரை ஏற்றது. நீர் பாய்ச்சினால் எண்ணெய் மிதந்து தீ பரவக்கூடும்.
'சி' வகை: சமையல் எரிவளி போன்ற வளிமங்கள். வளிமம் வரும் வழியை அடைப்பதே முதற்பணி.
'டி' வகை: மக்னீசியம், சோடியம் போன்ற மாழைகள். சிறப்புத் தூள்களே ஏற்றவை.

மின்சாரம் தனி வகை அன்று. மின் இணைப்பைத் துண்டித்த பின் எரியும் பொருளுக்கு ஏற்ற முறை கையாளப்படும்.

நீர் மலிவானதும் மிகுந்த வெப்பத்தை உறிஞ்சுவதும் ஆகும். அது நீராவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து, தீயைச் சுற்றியுள்ள காற்றையும் விலக்குகிறது. ஆயினும் வண்டியில் வரும் நீர் மிகக் குறைவு. இந்தியாவில் பொதுவாகப் பயன்படும் நீர் வண்டியின் கொள்ளளவு 4,500 லிட்டர் ஆகும். நிமிடத்துக்கு 450 லிட்டர் பாய்ச்சும் ஒரே குழாய்க்கு அது 10 நிமிடங்கள் போதும். நிமிடத்துக்கு 1,800 லிட்டர் என்னும் அளவில் இறைத்தால் இரண்டரை நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே வண்டி வந்து சேர்ந்ததும், ஒருபுறம் நீர் பாய்ச்சிக்கொண்டே மறுபுறம் அடுத்த நீர்நிலையைத் தேடுவது தீயணைப்பாளர்களின் வழக்கமான பணியாகும்.

காரைக்கால் மாவட்டம்

புவியியல்

காரைக்கால் மாவட்டம் காவிரிக் கழிமுகக் கடற்கரையில் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 2,00,222 ஆகும். மேற்கூறிய நெறியைப் பொருத்திப் பார்த்தால் நான்கு இறைப்பு வண்டிகள் தேவைப்படும். காரைக்கால் நகராட்சியும், திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு, கோட்டுச்சேரி ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகளும் இம்மாவட்டத்தில் அடங்கும். காரைக்கால் நகரிலும், திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த சுரக்குடியிலும் தீயணைப்பு நிலையங்கள் உள்ளன.

தலைநகரான புதுச்சேரி வடக்கே 130 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு வண்டி வந்து சேர மூன்று மணி நேரம் வரை ஆகலாம். ஆனால் வடக்கெல்லைக்கு அருகே பொறையாறும், தெற்கெல்லைக்கு அப்பால் நாகூரும், ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் நாகப்பட்டினமும் உள்ளன. இவை தமிழ்நாட்டைச் சேர்ந்தவை. ஆகவே பெருந்தீ ஒன்று நேர்ந்தால், துறையின் தலைமையகத்தைவிட வேறோர் அரசின் நிலையங்களே காரைக்காலுக்கு அருகில் உள்ளன. எல்லைப்புறத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றுக்குக் காரைக்கால் நிலையம் அருகிலிருப்பதும் இதன் மறுபக்கமாகும். இங்கு அண்டை உதவி என்பது சலுகை அன்று, பாதுகாப்பின் இன்றியமையாப் பகுதி ஆகும்.

கூரை வீடுகளும் நீரும்

கழிமுகச் சிற்றூர்களிலும் மீனவர் குடியிருப்புகளிலும் தென்னங்கீற்று வேய்ந்த கூரைகள் நெடுங்காலமாக வழக்கில் இருந்தன. இன்றும் ஓரளவு காணப்படுகின்றன. கீற்று வெயிலில் உலர்ந்து எளிதில் தீப்பற்றும். எரியும் கீற்றுத் துண்டுகளைக் கடற்காற்று தூக்கிச் சென்று அடுத்த கூரைகளில் போடும். எனவே கூரைத்தீயில் எரியும் வீட்டைக் காப்பதைவிட, காற்று வீசும் திசையிலுள்ள வீடுகளை நனைத்துக் காப்பதே பல நேரங்களில் முதன்மையாகிறது.

காரைக்கால் காவிரிப் பாசனத்தின் கடைமடை ஆகும். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நண்டலாறு முதலியன இதன் வழியே கடலில் கலக்கின்றன. மேட்டூர் அணை மரபாகச் சனவரி 28 இல் மூடப்பட்டுச் சூன் 12 இல் திறக்கப்படுகிறது. இடைப்பட்ட மாதங்களில் வாய்க்கால்கள் வறண்டு, குளங்களும் தாழ்கின்றன. வைக்கோல் போர்களும் கூரைகளும் மிக எளிதில் எரியும் காலமும் அதுவே. நீர் மிகத் தேவைப்படும் பருவத்தில் அது மிகக் குறைவாகக் கிடைப்பதால், கோயில் குளங்களையும் ஊர்க்குளங்களையும் தூர்வாரிக் காப்பது இப்பகுதியில் தீப்பாதுகாப்போடும் தொடர்புடையது.

தொழிலகங்கள்

காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவளி எடுக்கும் பணிக்குக் காரைக்கால் ஒரு மையம் ஆகும். திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் எரிவளி மின்நிலையம் உள்ளது. வாஞ்சூரில் 2009 இல் செயற்படத் தொடங்கிய தனியார் துறைமுகத்தில் நிலக்கரி முதன்மையான சரக்காகும். குவித்து வைத்த நிலக்கரி காற்றுடன் வினைபுரிந்து தானே சூடேறிப் புகையும் இயல்புடையது. இத்தகைய தீக்கு மேற்பரப்பில் நீர் தெளிப்பது மட்டும் போதாது. குவியலைப் பிரித்துக் குளிர்விக்க வேண்டும்.

போபால் நச்சுவளிக் கசிவுக்கு (1984) பின்னர், தீங்குதரும் வேதிப்பொருள்களுக்கான 1989 ஆம் ஆண்டு விதிகள் ஆலைக்கு உள்ளும் புறமும் நெருக்கடித் திட்டங்கள் தேவை என்று வரையறுத்தன. உள்திட்டம் ஆலையின் பொறுப்பு. புறத்திட்டம் மாவட்ட நிருவாகத்தின் துணையோடு உருவாவது. விக்டோரியா கப்பல்துறையின் இரண்டாம் பாடமே இங்கு விதியாகியுள்ளது எனலாம்.

திருவிழாவும் பேரிடரும்

ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் சனிப்பெயர்ச்சியின்போது திருநள்ளாற்றில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். பந்தல்கள், நெய்விளக்குகள், தற்காலிக மின் இணைப்புகள், நளதீர்த்தத்தில் நீராடுவோர் ஆகியவற்றால் தீயணைப்புத் துறைக்கு அப்போது பணி மிகும்.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால் கடற்கரையைத் தாக்கியது. காரைக்கால்மேடு முதலிய மீனவர் ஊர்களில் ஏறத்தாழ 500 பேர் உயிரிழந்தனர். அண்டையிலுள்ள நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். வழக்கமாக உதவிக்கு வரக்கூடிய அண்டை மாவட்டமே தன்னைவிடப் பன்மடங்கு பாதிக்கப்பட்டிருந்த நிலை அது. 2018 நவம்பர் 16 இல் வீசிய கசா புயலும் இரு மாவட்டங்களையும் ஒருசேரத் தாக்கியது. அண்டை உதவியை நம்பும் ஏற்பாட்டின் எல்லையை இவை காட்டுகின்றன.

சட்டத்தையும் வழக்கத்தையும் மாற்றிய தீ நேர்வுகள்

1975 சூலை 11 அன்று சென்னையின் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடத்தில் ஏற்பட்ட தீ, உயர்ந்த கட்டடங்களுக்குத் தனிக் கருவிகளும் விதிகளும் தேவை என்பதை உணர்த்தியது.

1997 சூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலின் யாகசாலைப் பந்தலில் நேர்ந்த தீயிலும் நெரிசலிலும் 40 பேருக்கு மேல் உயிரிழந்தனர். 2004 சனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்து 50 பேருக்கு மேல் மாண்டனர்.

2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. ஒடுங்கிய ஒரே படிக்கட்டு வழியே தப்ப இயலாமல் 94 குழந்தைகள் இறந்தனர். இதன் பின்னர் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. இந்நிகழ்வை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில், பாதுகாப்பான பள்ளியில் பயில்வது கல்வி பெறும் உரிமையின் பகுதி எனத் தீர்ப்பளித்து, நாடு முழுவதும் பள்ளிகள் தீப்பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்ற ஆணையிட்டது.

2012 சனவரியில் சென்னை எழிலக வளாகத்தின் கலசமகாலில் ஏற்பட்ட தீயில் தீயணைப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் படுகாயமுற்றார்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சின்போது, வெவ்வேறு ஊர்களின் படைகள் ஒன்றுக்கொன்று உதவ விரைந்தும், நீர்க்குழாய் இணைப்பிகள் பொருந்தாததால் பல இடங்களில் பயன்படாமற் போயின. இதனால் பிரித்தானியா 1941 இல் தன் படைகள் அனைத்தையும் இணைத்துத் தேசியத் தீயணைப்புச் சேவையை உருவாக்கியது. போர் முடிந்தபின் 1948 இல் அது கலைக்கப்பட்டு, பொறுப்பு மீண்டும் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆனால் பொதுத்தரங்கள் நிலைத்தன. நியூசிலாந்தில் 1976 முதல் தேசியப் படை இயங்குகிறது.

இந்தியாவில் படைகள் இணைக்கப்படவில்லை. கருவிகளின் அளவுகள் தரப்படுத்தப்பட்டன. நீர்க்குழாய் இணைப்பிகளுக்கான ஐ.எஸ். 903 என்னும் தரம் இதற்கு எடுத்துக்காட்டு. 63 மில்லிமீட்டர் அளவுடைய ஒரே வகை இணைப்பி பயன்படுவதால், நாகப்பட்டினத்து வண்டியின் குழாயைக் காரைக்கால் வண்டியின் இறைப்பியோடு தடையின்றிப் பொருத்த இயலும்.

சிக்கல்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022 இல் இந்தியாவில் தீ நேர்வுகளில் 7,400 பேருக்கு மேல் உயிரிழந்தனர். நிலையங்கள், வண்டிகள், பணியாளர் ஆகியவற்றின் பற்றாக்குறையும், கட்டட விதிகள் சீராகச் செயற்படுத்தப்படாமையும் நெடுங்காலக் குறைகளாகச் சுட்டப்படுகின்றன.

பதினைந்தாவது நிதி ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, மாநிலங்களின் தீயணைப்புச் சேவைகளை விரிவாக்கி நவீனமாக்க 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை நடுவண் அரசு 2023 சூலையில் தொடங்கியது. ஆனால் நிதி ஆணையத்தின் வரம்பு மாநிலங்களுக்கே உரியது. சட்டமன்றம் உடைய ஒன்றியப் பகுதியாக இருந்தும் புதுச்சேரி அதனுள் அடங்காது. எனவே எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டு நிலையங்களுக்கும் காரைக்கால் நிலையங்களுக்கும் நிதி வரும் வழிகள் வேறுவேறாக உள்ளன. ஒரே கழிமுகத்தில், ஒரே வகை ஆபத்துகளை எதிர்கொள்ளும் இரு துறைகளின் ஆற்றல் ஒரே அளவில் வளர்வதற்கு, இரு அரசுகளின் கூட்டுத் திட்டமிடலும் கூட்டு ஒத்திகைகளும் தேவைப்படுகின்றன.